தகப்பனின் தனித் தியானமும் குடும்ப ஜெபமும்: முழுமையான வழிகாட்டி

குடும்ப ஜெபத்தைத் தொடங்க நினைக்கும் தகப்பன்மார் பெரும்பாலும் மாலையிலிருந்தே தொடங்குகிறார்கள். பிள்ளைகளை உட்காரவைத்து, கண்ணில் பட்ட ஓர் அதிகாரத்தை வாசித்து, அதோடு ஒரு புத்திமதியையும் சேர்த்து, நீளமாக ஜெபித்து முடிக்கிறார்கள். சில வாரங்களில் அது நின்றுபோகிறது. மதுரையில் எங்கள் சபையின் இளம் தகப்பன்மாரோடு உட்கார்ந்து இதைப் பலமுறை பேசியதில், நேரமில்லை என்று அவர்கள் சொல்லும் காரணத்துக்குப் பின்னால் வேறொன்று இருப்பது புலப்பட்டது: காலையில் தாம் வாசிக்காததை மாலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள். ஆகவே இங்கே சொல்லப்படுவதில் வரிசைதான் முக்கியம். முதலில் தகப்பன் தனியாக. அடுத்து கணவனும் மனைவியும். அதன் பிறகே பிள்ளைகள்.

1. கையில் இருக்க வேண்டியவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று, 80 பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. இவற்றை ஒரே இடத்தில் வையுங்கள். காலையில் பேனாவைத் தேடும் ஐந்து நிமிடத்தில் பாதி மனம் கலைந்துவிடும்.

செல்போனிலேயே வேதாகமம் இருக்கிறதே என்று பலர் கேட்பதுண்டு. பயணத்தில் அது உதவும். வீட்டில் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வாசிக்கும்போதே வாட்ஸ்அப் செய்தி மேலே வந்து நிற்கும் என்பது ஒன்று. அப்பா வேதம் வாசிக்கிறாரா, போன் பார்க்கிறாரா என்று தூரத்தில் இருந்து பார்க்கும் பிள்ளைக்குத் தெரியாது என்பது மற்றொன்று. இதுவே பெரிய காரணம்.

உங்கள் சபையில் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பையே வீட்டிலும் வாசியுங்கள், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை காதில் விழும் அதே சொற்களை வீட்டிலும் கேட்கும்போதுதான் பிள்ளைக்கு வசனம் மனதில் தங்கும். கணவர் சி.எஸ்.ஐ., மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தவர் என்ற வீடுகள் நம் ஊரில் குறைவில்லை. அங்கே இரண்டு வேதாகமங்கள் இருக்கும். ஒன்றில் சங்கீதம் என்று இருப்பது மற்றதில் திருப்பாடல்கள் என்றும், ஆதியாகமம் என்பது தொடக்கநூல் என்றும், உபாகமம் என்பது இணைச் சட்டம் என்றும் இருக்கும். அதோடு ஒன்றில் 66 நூல்கள், மற்றதில் 73. பிள்ளை பக்கத்தைத் தேடித் திணறுவதற்கு முன்னரே, மாலை வாசிப்புக்கு எந்தப் பிரதி என்று இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

தினதியான நூல்களை முதல் இரண்டு மாதங்களுக்கு அலமாரியில் வைத்துவிடச் சொல்வேன். அவை நல்லவைதான். ஆனால் பகுதியை நீங்களே பார்க்குமுன் இன்னொருவருடைய கருத்து வந்து உட்கார்ந்துவிட்டால், உங்கள் வீட்டுக்கு அந்தப் பகுதி என்ன சொல்கிறது என்று தேடும் வேலை நடக்காது.

2. நேரத்தைக் கடிகாரத்தோடு அல்லாமல் ஒரு வேலையோடு கட்டுங்கள்

"காலை 5.30 மணிக்கு" என்று முடிவெடுப்பவர் 5.50க்கு எழுந்த நாளில் அன்றைக்கு முடியாது என்று விட்டுவிடுகிறார். "காபி குடித்ததும், குளிக்கப் போகுமுன்" என்று முடிவெடுப்பவர் எப்போது எழுந்தாலும் வாசித்துவிடுகிறார். தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலைக்குப் பின்னால் இதை வைத்தால், நினைவுபடுத்த ஆள் தேவைப்படாது.

எல்லாருக்கும் விடியற்காலை பொருந்தாது. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் வியாபாரம் செய்பவர் ஊர் உறங்கும்போதே கிளம்பிவிடுவார். கப்பலூர் சிட்கோவில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் விடிந்த பிறகுதான் வீடு திரும்புவார். அவர்களுக்கு வேலை முடிந்து முகம் கழுவிய நேரமே காலை. விடியலில் வாசித்தால்தான் தியானம் என்ற எண்ணத்தால் இவர்களில் பலர் தொடங்காமலே இருந்துவிடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

குடும்பத்தோடு உட்காருவதற்கு, பிள்ளைகள் டியூஷனிலிருந்து வந்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்பு உள்ள நேரமே சிறந்தது. சாப்பிட்ட பிறகு என்று வைத்தால் சின்னப் பிள்ளை தூங்கி விழும், பெரியவருக்கும் கண் செருகும். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்த ஒழுங்கெல்லாம் நடக்காது. தெருவே இரவெல்லாம் விழித்திருக்கும், பிள்ளைகளும் வாசலிலேயே நிற்பார்கள். அந்த நாட்களில் ஒலிபெருக்கியோடு போட்டி போடாமல் 117ஆம் சங்கீதத்தை வாசித்து முடித்துவிடுங்கள். அது இரண்டே வசனங்கள்.

3. வாசிக்கும் பகுதியைத் தேர்ந்தெடுப்பது

ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை ஒரே ஆண்டில் என்று புத்தாண்டு ஆராதனையில் தீர்மானம் எடுப்பது வழக்கம். 66 நூல்களில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசித்தாக வேண்டும். ஆதியாகமமும் யாத்திராகமமும் சேர்ந்து 90 அதிகாரங்கள் என்பதால், ஜனவரி மாதக் கடைசியில் அவர் லேவியராகமத்தின் பலி முறைகளுக்கு வந்து சேருவார். தொடங்கியவர்களில் பலர் நின்றுவிடும் இடமும் அதுதான். தனியாக வாசிக்க அது நல்ல திட்டமாக இருக்கலாம். பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்ளும் தியானத்துக்கு உதவாது.

மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான், நிகழ்ச்சிகள் விரைவாக நகரும், நீண்ட பிரசங்கங்கள் குறைவு. அதிகார எண்ணைப் பார்த்துப் பிரிக்காமல் நிகழ்ச்சி முடியும் இடத்தில் நிறுத்துங்கள். நாளுக்கு ஏறக்குறைய 12 வசனங்கள் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் முடியும். அதன் பின் ரூத், யோனா என்று நான்கு நான்கு அதிகாரங்கள் கொண்ட சிறு நூல்களுக்குப் போகலாம்.

நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஓர் அதிகாரம் வாசிக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தகப்பன் தனியாக வாசிக்க நல்லது. ஆனால் குடும்பமாக வாசிக்க அதிலிருந்து தொடங்க வேண்டாம். அந்த நூலில் பிரம்பைப் பற்றிய வசனங்கள் எங்கே இருக்கின்றன என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடும் தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன்; அதன் பிறகு பிள்ளை அந்த நூலை எந்தக் கண்ணோடு பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாக்குத்தத்த அட்டையை எடுத்துப் படிப்பதும், வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தை எடுத்துக்கொள்வதும் தொடர் வாசிப்புக்கு ஈடாகாது. நமக்குப் பிடிக்காத பகுதியையும் நாம் சந்திக்க வேண்டும் என்பதற்காகவே வரிசையாக வாசிக்கிறோம்.

4. தனியாக வாசித்து மூன்று வரி எழுதுவது

மாலையில் நடப்பது சரியாக நடக்குமா என்பது இந்த 15 நிமிடத்தைப் பொறுத்தது.

பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை மௌனமாக, இரண்டாம் முறை வாய்விட்டு. வாய்விட்டு வாசிக்கும்போது கண் தாண்டிப் போன சொல்லில் நாக்கு தடுக்கும். அங்கேதான் நின்று பார்க்க வேண்டியது பெரும்பாலும் இருக்கும். பிறகு நோட்டில் தேதியையும் பகுதியையும் போட்டு மூன்று வரி மட்டும் எழுதுங்கள்: இங்கே என்ன நடந்தது, இது தகப்பனாகிய என்னை எங்கே தொடுகிறது, இன்றைக்கு நான் என்ன செய்யப் போகிறேன்.

மாற்கு 9:14-29 பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒருவன் தன் மகனைச் சீஷர்களிடம் கொண்டுவருகிறான். அவர்களால் குணமாக்க முடியவில்லை. இயேசு அந்தத் தகப்பனிடம், இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று என்று கேட்கிறார். சிறுவயது முதற்கொண்டே என்று அவன் உடனே சொல்கிறான். மகன் தீயிலும் தண்ணீரிலும் விழுந்ததையெல்லாம் சொல்கிறான். இதை வாசித்த ஒரு நண்பர், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனுடைய தகப்பன், தம் நோட்டில் எழுதியதை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

"சீஷர்களால் ஆகாததை அந்தத் தகப்பன் இயேசுவிடம் கொண்டுபோனான். எவ்வளவு காலமாக என்று கேட்டதும் அவனால் சொல்ல முடிந்தது. என் மகனுக்கு எந்த வகுப்பிலிருந்து கணக்கு வராமல் போயிற்று என்று எனக்குத் தெரியாது. இன்று மாலை அவனிடம் கேட்க வேண்டும், திட்டாமல்."

மூன்றாவது வரி எப்படி அமைந்திருக்கிறது என்று கவனியுங்கள். அது சிறியது, அன்றைக்கே செய்யக்கூடியது, செய்ய வேண்டியவர் தகப்பன். புதிதாக எழுதுபவர்களுடைய நோட்டில் இந்த இடத்தில்தான் பிழை வரும். "மகன் விசுவாசத்தில் வளர வேண்டும்", "பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும்" என்று எழுதிவிடுவார்கள். அவை பிள்ளைக்கு இட்ட வேலை. அடுத்தவர் பெயர் எழுவாயாக வந்தால் அந்த வரியை அடித்துவிட்டு "நான்" என்று தொடங்கி மறுபடியும் எழுதுங்கள்.

இதே பிழையின் இன்னொரு வடிவம் எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் நடக்கும். முதல் மூன்று வசனங்கள் பிள்ளைகளுக்கு. நான்காம் வசனம், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று, தகப்பன்மாருக்கு. மூன்றாம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிடும் வீடுகள் எத்தனையோ. கொலோசெயர் 3:20, 21 வசனங்களிலும் இதே வரிசைதான்: பிள்ளைக்கு ஒன்று, உடனே தகப்பனுக்கு ஒன்று. யாருக்குச் சொல்லப்பட்டதோ அவர் அதை எடுத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு உரியது நான்காம் வசனம்.

5. மனைவியோடு ஐந்து நிமிடம்

இந்தப் படியைச் செய்யாமல் விட்டுவிடாத புதியவரை நான் பார்த்ததில்லை. மாலையில் எதை வாசிக்கப் போகிறோம், யார் பாட்டைத் தொடங்குவது, இன்று எந்தப் பிள்ளையின் மனநிலை சரியில்லை என்று அடுப்படியில் நின்றபடியே பேசிக்கொள்ளலாம். பள்ளியில் நடந்தது பெரும்பாலும் அம்மாவுக்கே முதலில் தெரியும். அது தெரியாமல் உட்காரும் தகப்பன் தவறான நாளில் தவறான கேள்வியைக் கேட்டுவிடுவார்.

பல வீடுகளில் இத்தனை ஆண்டுகளும் ஜெபத்தை நடத்தி வந்தவர் மனைவியாகவோ அப்பத்தாவாகவோ இருப்பார். புதிதாக உற்சாகம் வந்த தகப்பன், குடும்பத் தலைவர் என்ற முறையில் அதைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டால் வீட்டில் ஒரு மௌனமான வருத்தம் உண்டாகும். "இன்றைக்கு நான் வாசிக்கலாமா?" என்று கேட்டுத் தொடங்குங்கள். பாட்டு அப்பத்தாவுடையதாகவே இருக்கட்டும்; அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த கீர்த்தனைகள் உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

6. பிள்ளைகளோடு உட்காருவது

மொத்தம் 12 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பாட்டு, வாசிப்பு, ஒரு கேள்வி, ஜெபம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். பாட்டை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு: ஆளுக்கொரு அறையில் இருப்பவர்கள் வந்து சேர அவகாசம் கிடைக்கும், "வா, வா" என்று கத்திக் கூப்பிட வேண்டியிருக்காது.

வாசிப்பில் ஆளுக்கு இரண்டு வசனம் கொடுங்கள். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு வேதாகமத் தமிழ் தடுக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் குறுக்கே புகுந்து திருத்தினால், அடுத்த வாரம் அது தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். அதற்குரிய இரண்டு வசனங்களை முன்கூட்டியே காட்டி, ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தங்கைக்கு முன்னால் தடுமாறாமல் வாசித்துவிட்டோம் என்பது பத்து வயதுப் பையனுக்குச் சாதாரண விஷயமில்லை.

கேள்வி ஒன்று மட்டும். "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்காதீர்கள், அது பரீட்சைக் கேள்வி, பிள்ளைகளும் பரீட்சைப் பதிலையே சொல்வார்கள். "இந்தப் படகில் யார் ரொம்பப் பயந்திருப்பார்கள்?", "நீ அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்பவை போலக் கேளுங்கள். கேட்ட பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் தகப்பனே பதிலையும் சொல்லிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

பிள்ளைகள் திருப்பிக் கேட்கும் கேள்விகளுக்கும் தயாராக இருங்கள். மாற்கு 5ஆம் அதிகாரத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் பாய்ந்து மாண்டுபோகின்றன. "பன்றிங்க என்னப்பா தப்பு பண்ணுச்சு?" என்று ஒரு பிள்ளையாவது கேட்டே தீரும். "அதெல்லாம் கேட்கக் கூடாது" என்று சொன்னால் அடுத்த கேள்வி உங்களிடம் வராது. பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லி, பிள்ளை பார்க்கும்படியாகவே நோட்டில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டுபோய் ஆயரிடம் கேளுங்கள். எழுதிவிட்டுக் கேட்காமல் விடுவது, எழுதாமல் இருப்பதைவிட மோசம்.

பதின்ம வயதுப் பிள்ளை சுவரில் சாய்ந்து, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருப்பதே போதும். வாய்விட்டு ஜெபிக்கும்படி வற்புறுத்தினால் வார்த்தை வரும், மனம் வராது.

7. ஜெபத்தைத் திட்டுவதற்குப் பயன்படுத்தாமல் இருப்பது

பசுமலைப் பக்கம் ஒரு வீட்டில் மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்திருந்தேன். தகப்பன் உருக்கமாகத்தான் ஜெபித்தார்: "ஆண்டவரே, இவனுக்குப் படிப்பில் கவனத்தைத் தாரும், செல்போனை விட்டு விலகச் செய்யும், கெட்ட சகவாசத்திலிருந்து காப்பாற்றும்." நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது, அந்தப் பையன் கண்ணை மூடாமல், பாயின் ஓரத்துக் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சின்னதாக ஒரு குவியலே சேர்ந்திருந்தது. விருந்தாளி முன்னிலையில், பதில் சொல்ல முடியாத இடத்தில், அவன் மேல் குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டது என்பதே அவனுக்கு விளங்கியது.

இதைத் தவிர்க்க ஒரு முறை இருக்கிறது. ஜெபிக்குமுன் ஒவ்வொரு பிள்ளையிடமும், "உனக்காக என்ன கேட்கட்டும்?" என்று கேளுங்கள். அது சொல்வதை மட்டும் ஜெபியுங்கள். "மிஸ் என்னை முதல் பெஞ்சில் உட்காரவைக்கக் கூடாது" என்று சொன்னால் அதையே கேளுங்கள், சிரிக்காமல். பிள்ளையைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பாரத்தைக் காலைத் தனி ஜெபத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம். அதற்குரிய இடம் அது.

காலையில் பிள்ளையிடம் அநியாயமாகக் கோபப்பட்டிருந்தால், மாலை ஜெபத்தில் அதை ஆண்டவரிடம் அறிக்கையிடுவது போதாது. முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "காலையில் நான் கத்தினது தப்பு" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு ஜெபியுங்கள். மத்தேயு 5:23, 24 வசனங்களில் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இருக்கும் வரிசையும் இதுவே. வரிசையை மாற்றி ஜெபத்தில் மட்டும் சொன்னால், அப்பா ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை என்று பிள்ளை சரியாகவே கணக்குப் போடும்.

கடைசியில் பரமண்டல ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள். வாய்திறக்கத் தயங்கும் பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும்.

8. வழியில் நடக்கிறபோது

உபாகமம் 6:7 நான்கு வேளைகளைச் சொல்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகிறோம். பைக்கில் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் நேரம் உங்களுக்கு இருக்கிறது. காளவாசல் சிக்னலில் வண்டியை நிறுத்தினால் இரண்டு வார்த்தை பேச அவகாசமும் கிடைக்கும். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசாத பையன் முதுகுக்குப் பின்னால் இருந்து பேசுவான்.

ஆனால் அங்கே வசனத்தை எடுக்க வேண்டாம். காலையில் எழுதிய மூன்றாவது வரியைச் செய்வதற்கான இடம் அது. கணக்கைப் பற்றிக் கேட்பதாக எழுதியவர் அங்கே கேட்கட்டும். பார்ப்பது, கேட்பது எல்லாவற்றையும் பிரசங்கமாக்கும் தகப்பனிடம் பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்ளும்.

9. விட்டுப்போன நாட்கள்

விட்டுப்போனதைச் சேர்த்து வாசிக்காதீர்கள். நான்கு நாள் தவறினால் ஐந்தாம் நாள் ஐந்து பகுதி என்று உட்காருபவர் ஆறாம் நாள் உட்காரமாட்டார். நின்ற இடத்திலிருந்து அன்றைய பகுதியை மட்டும் வாசித்துப் போங்கள்.

பொதுத்தேர்வு, கல்யாண வீடு, காய்ச்சல் என்று வரும் நாட்களில் நிறுத்தாமல் சுருக்குங்கள்: ஒரு வசனம், ஒரு வரி ஜெபம். லாரி ஓட்டும் தகப்பனும், திருப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் தகப்பனும் வீட்டில் வாசிக்கும் அதே பகுதியைத் தாமும் வாசித்துவிட்டு, போனில் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கலாம். பாடம் நடத்த முயலாதவரை இது நன்றாகவே நடக்கிறது.

10. மாற்கு முடிந்த பிறகு

நோட்டைத் திருப்பி, மூன்றாவது வரிகளை மட்டும் வாசியுங்கள். செய்தவற்றுக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருந்தால், உதாரணமாக, "கத்தக் கூடாது" என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தால், நோட்டில் எழுதுவதால் மட்டும் அது தீராது. நம்பிக்கையான ஒரு மூத்தவரிடமோ ஆயரிடமோ வாய்விட்டுப் பேச வேண்டிய விஷயம் அது.

அடுத்த நூலைப் பிள்ளைகளோடு சேர்ந்து தேர்ந்தெடுங்கள். மூத்த பிள்ளை 12 வயதைக் கடந்திருந்தால் வாரத்தில் ஒரு நாள் நடத்தும் பொறுப்பை அதனிடம் கொடுங்கள். பகுதியை வாசித்து, கேள்வியை அதுவே தயாரிக்கட்டும். அந்த நாளில் நீங்கள் பதில் சொல்பவர். கேள்வி சரியில்லை என்று தோன்றினாலும் திருத்தாமல் பதில் சொல்லுங்கள்; உங்கள் பதிலைப் பிள்ளை மறுத்தால் அதற்கான வசனத்தைக் காட்டச் சொல்லி, காட்டிய வசனத்தைச் சேர்ந்து வாசியுங்கள்.